ஜீயஸ் வென்ற பிறகு ஆதித் தெய்வங்கள் எங்கே போனார்கள்?

அலைவாய் எழுதியது:

கிரேக்கப் புராணங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கதை ஒரே தடத்தில்தான் செல்கிறது. ஆதியில் குழப்பம் இருந்தது. அதிலிருந்து பூமித்தாயான கையா தோன்றினாள். அவள் கணவனான வானத்தை, அதாவது ஊரானோஸை, மகன் குரோனஸ் கொன்றான். குரோனஸை அவன் மகன் ஜீயஸ் வீழ்த்தினான். பிறகு ஒலிம்பஸ் மலையில் பன்னிருவர் ஆட்சி தொடங்கியது. இந்த இடத்துக்கு வந்தவுடன், முதல் பத்தியில் பெயர் சொல்லப்பட்ட தெய்வங்களைக் கட்டுரையாளர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். இரவான நிக்ஸ், இருளான எரெபஸ், பாதாளமான டார்டரஸ், கடலான பொன்டஸ் ஆகியோர் தோற்றார்களா, இறந்தார்களா, அல்லது ஜீயஸுக்குக் கீழ்ப்பட்டு வாழ்ந்தார்களா? மூல நூல்களில் பழக்கமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வணக்கம் அலைவாய். விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் எங்கும் போகவில்லை. போரில் தோற்றவர்கள் டைட்டன்கள், அதாவது குரோனஸும் அவன் உடன்பிறந்தாரும். ஆதித் தெய்வங்களை அவர்களோடு சேர்த்து ஒரே அணியாக எண்ணுவதால்தான் இந்த மயக்கம் வருகிறது.

நமக்குக் கிடைத்துள்ள முதன்மைச் சான்று, கடவுளர் பிறந்த கதையாக ஹெசியட் பாடிய தியோகனி. பொ.ஆ.மு. 700ஐ ஒட்டிய காலத்தில், பியோஷியா நாட்டு ஹெலிக்கான் மலையடிவாரத்தில், அஸ்க்ரா என்ற சிற்றூரில் வாழ்ந்தவர் அவர். ஆயிரத்துச் சொச்சம் அடிகள் உள்ள அந்தப் பாடலில் உலகம் 116ஆம் அடியில் தொடங்குகிறது. அங்கே அவர் ஆளும் வினைச்சொல் மிகவும் முக்கியமானது. எல்லாவற்றுக்கும் முதலில் கேயாஸ் ‘உண்டாயிற்று’ என்கிறார். ‘இருந்தது’ என்று சொல்லவில்லை. யாரோ ‘படைத்தார்’ என்றும் சொல்லவில்லை. அடுத்து அகன்ற மார்புடைய கையா, மங்கலான டார்டரஸ், கை கால்களைத் தளரவைக்கும் காதலான எரோஸ் என்று வரிசை நீள்கிறது. கேயாஸிலிருந்து எரெபஸும் நிக்ஸும் வருகிறார்கள். அவ்விருவரும் கூடி மேலொளியான ஐதரையும் பகலான ஹெமெராவையும் பெறுகிறார்கள். கையாவோ துணை ஏதுமின்றித் தானே ஊரானோஸையும் மலைகளையும் பொன்டஸையும் ஈன்றெடுக்கிறாள். தியோகனியில் கேயாஸின் கால்வழியும் கையாவின் கால்வழியும் கொள்வினை கொடுப்பினை இல்லாமல் தனித்தனியாகவே செல்கின்றன. இரவும் இருளும் ஒரு குடும்பம். மண்ணும் விண்ணும் கடலும் இன்னொரு குடும்பம்.

இனி, கேயாஸ் என்பதைக் ‘குழப்பம்’ என்று மொழிபெயர்ப்பது பற்றி. ஹெசியட்டைப் பொறுத்தவரை அது பிழை. அந்தச் சொல் ‘வாய் பிளத்தல்’, ‘கொட்டாவி விடுதல்’ என்னும் பொருள்தரும் கிரேக்க வினையின் வேரிலிருந்து வருவது. அடியும் எல்லையும் தெரியாமல் வாய் பிளந்து கிடக்கும் ஒரு வெளி என்பதே அதன் கருத்து. பொருள்கள் கலந்து கிடக்கும் தாறுமாறான குவியல் என்ற எண்ணம் அழுத்தமாக வேரூன்றியது ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ரோமானியக் கவிஞர் ஓவிட் வழியாக. அவர்தான் உருமாற்றக் கதைகளின் தொடக்கத்தில் கேயாஸை ஒழுங்குபடாத பெருந்திரள் என்று வர்ணித்தார். நாம் ஆங்கிலத்தின் வழியே எடுத்துக்கொண்டது ஓவிட்டின் கேயாஸை. தமிழில் எழுதுவோர் ‘பிளவு’ என்றோ ‘பெரும்பாழ்’ என்றோ எழுதினால் மூலத்துக்கு நெருங்கி வரலாம். கிரேக்கத்தில் அது அஃறிணைப் பெயராக இருப்பதும் தமிழுக்கு வசதியாகவே அமைகிறது.

அந்தப் பிளவு பின்னர் மூடிக்கொள்ளவும் இல்லை. டைட்டன்களோடு நடந்த போரில் ஜீயஸ் இடியை வீசும்போது அந்த அனல் கேயாஸைப் பற்றியது என்று 700ஆம் அடி சொல்கிறது. தோற்ற டைட்டன்கள் இருண்ட கேயாஸுக்கு அப்பால் வாழ்கிறார்கள் என்று 814ஆம் அடி சொல்கிறது. ஆக, உலகின் முதற்பொருள் கதையின் இறுதிவரை தன் இடத்திலேயே இருக்கிறது.

ஊரானோஸ் கொல்லப்பட்டான் என்பதும் தவறு. கையா சாம்பல் நிற வன்மாழையால் அரிவாள் செய்து கொடுக்க, குரோனஸ் தந்தையின் குறியை அறுத்தான். சிந்திய குருதியிலிருந்து பழிதீர்க்கும் எரின்யெஸ், ஜைகன்ட் அரக்கர்கள், மெலியை என்னும் மர அணங்குகள் ஆகியோர் பிறந்தனர். கடலில் விழுந்த குறியைச் சூழ்ந்த நுரையிலிருந்து அஃப்ரோடைட்டி பிறந்தாள். வானம் மண்ணைவிட்டு விலகியது. ஆனால் அவன் சாகவில்லை. ‘உன் மகன் உன்னை வீழ்த்துவான்’ என்று குரோனஸுக்கு முன்னறிவித்தவர்கள் கையாவும் ஊரானோஸுமே. ஜீயஸைக் கருவுற்றிருந்த குரோனஸின் மனைவி ரியாவைக் கிரீட் தீவுக்கு அனுப்பியவர்களும், பிற்பாடு முதல் மனைவி மேட்டிஸை விழுங்கிவிடுமாறு ஜீயஸுக்கு ஆலோசனை சொன்னவர்களும் அதே இருவர்தாம். ஆட்சியை இழந்து, ஆலோசனை சொல்லும் பாட்டனாக அவன் நிலைத்துவிட்டான்.

மாலைவெயில் எழுதியது:

பயனுள்ள விளக்கம் ஐயா. இடையில் ஓர் ஐயம். குரோனஸ் காலத்தின் கடவுள் என்றும், அவர் கையிலிருக்கும் அரிவாள் காலத்தின் சின்னம் என்றும் பள்ளியில் படித்த நினைவு இருக்கிறது. நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லையே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அவை இரண்டு தனிப்பெயர்கள். டைட்டனின் பெயர் கிரேக்கத்தில் கப்பா என்னும் எழுத்தில் தொடங்குகிறது. காலத்தைக் குறிக்கும் சொல் மூச்சு கலந்த வேறோர் எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் இரண்டுக்கும் ககரம் ஒன்றையே இடவேண்டியிருப்பதால் நமக்கு வேறுபாடு தெரியாமல் போகிறது. ஆனால் இந்தக் கலப்பை இக்காலத்தவரின் அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. குரோனஸ் என்பது காலத்தின் உருவகம் என்று கிரேக்கர்கள் சொல்வதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கே எழுதியிருக்கிறார். புராணப் பாடகன் ஆர்ஃபியஸின் பெயரால் வழங்கிய பாடல்களிலோ காலம் தனித் தெய்வமாக நின்று, உலக முட்டையை உண்டாக்குகிறது. ஹெசியட்டின் குரோனஸுக்கு அந்தப் பொருள் கிடையாது. அவன் கையிலிருப்பது தந்தையை அறுத்த அரிவாள், அவ்வளவே.

கரிசல் எழுதியது:

ஏட்டுச்சுவடி அவர்களின் பதிவை மதிப்புடன் படித்தேன். ஆயினும் ‘ஆதித் தெய்வங்கள் தோற்கவில்லை’ என்பதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. டைட்டன்கள் துரத்தப்பட்ட பிறகு டைஃபோயஸைப் பெற்றவள் யார்? கையா. தகப்பன் யார்? டார்டரஸ். அதாவது இரண்டு ஆதித் தெய்வங்கள் கூடிப் பெற்ற பிள்ளையே ஜீயஸின் கடைசிப் பகைவன். தோளிலிருந்து நூறு பாம்புத் தலைகள் எழ, அவை சில நேரம் காளையைப் போலவும் சில நேரம் சிங்கத்தைப் போலவும் நாய்க்குட்டிகளைப் போலவும் ஒலியெழுப்பின என்று ஹெசியட் பாடுகிறார். அவனை ஜீயஸ் எரித்தபோது, கொல்லன் உலையில் வெள்ளீயம் உருகுவதைப் போல நிலமே உருகியது என்கிறார். உருகியது யாருடைய உடல்? கையாவின் உடல் அல்லவா? இதைத் தோல்வி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

கரிசல், இந்த எதிர்க்கருத்து நியாயமானது; நானும் நெடுநாள் அதில் சிக்கிக்கொண்டிருந்தேன். ஹெசியட் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பாருங்கள். கையா சினந்து டைஃபோயஸைப் பெற்றாள் என்று அவர் எங்கும் கூறவில்லை. ‘பொன்மயமான அஃப்ரோடைட்டியினால்’, அதாவது காதலினால், பெற்றாள் என்று மட்டுமே கூறுகிறார். டைட்டன்களுக்கு நேர்ந்ததைக் கண்டு கொதித்து அவள் ஜைகன்ட்களை ஏவினாள், அவர்களும் தோற்றபின் மேலும் சினந்து டைஃபோயஸைப் பெற்றாள் என்ற காரணத்தொடர், பல நூற்றாண்டுகள் கழித்து அப்போலோடோரஸ் பெயரில் வழங்கிய தொகைநூலில் வருவது. நாம் பிந்தைய நூலின் சினத்தை முந்தைய நூலுக்குள் கொண்டுபோய் வைத்துப் படிக்கிறோம்.

டைஃபோயஸ் வீழ்ந்த சில அடிகளுக்குள்ளேயே என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஜீயஸை அரசனாக ஏற்குமாறு கடவுளர் கேட்டுக்கொள்கிறார்கள்; அப்படிச் செய்யச் சொல்லி அவர்களைத் தூண்டியவள் கையா. நூறு கைகள் கொண்ட மூவரை விடுவித்தால்தான் வெற்றி கிட்டும் என்று முன்பு வழிசொன்னவளும் அவளே. அறுக்கும் அரிவாளையும் அவளே செய்கிறாள், வாரிசையும் அவளே காக்கிறாள், எதிரியையும் அவளே பெறுகிறாள், முடிசூட்டவும் அவளே சொல்கிறாள். இதை ஒரு கட்சிக்காரரின் செயலாக எண்ணினால் முரண்பாடாகத்தான் தோன்றும். எதையும் முளைக்கவிடும் நிலத்தின் இயல்பாக எண்ணினால் எனக்கு அது பொருந்தி வருகிறது. உடல் உருகியதையும் நான் மறுக்கவில்லை. நிலம் துன்பப்பட்டது. ஆனால் அது பதவி இழக்கவில்லை, ஏனென்றால் அதனிடம் பதவியே இருந்ததில்லை.

ஹோமரின் இலியட் காவியத்தின் 15ஆம் பாடலில் பொசைடன் சொல்வதை இத்துடன் சேர்த்துப் படிக்கலாம். குரோனஸின் புதல்வர் மூவரும் சீட்டுப் போட்டுக்கொண்டபோது கடல் தனக்கும், இருண்ட கீழுலகு ஹேடிஸுக்கும், அகன்ற வானம் ஜீயஸுக்கும் விழுந்தன. மண்ணும் நெடிய ஒலிம்பஸும் மூவருக்கும் பொது என்கிறார். பங்கு பிரித்தபோதும் பூமியை யாரும் தன் பங்காக எழுதிக்கொள்ளவில்லை.

யாமம் எழுதியது:

இதுவரை கையாவைப் பற்றியே பேசியிருக்கிறோம். எனக்கு இந்த வரிசையில் மிக நெருக்கமானவள் நிக்ஸ் என்பதால் அவளுக்காகச் சற்று நீளமாக எழுத அனுமதியுங்கள்.

அவளுடைய பிள்ளைகளின் பட்டியலைத் தியோகனியில் படிக்கும்போது வாழ்க்கையில் மனிதர் அஞ்சும் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடுகின்றன. ஆண்துணையின்றி அவள் பெற்றவர்கள் அழிவு, சாவு, உறக்கம், கனவுக் கூட்டம், பழிச்சொல், துயரம், வஞ்சம், முதுமை, பிணக்கு. அதே வயிற்றில் அன்பும் பிறக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. விதியை நூற்கும் மொய்ராக்கள் மூவரும் 217ஆம் அடியில் அவளுடைய மகள்கள். ஆனால் 904ஆம் அடிக்கு வரும்போது அதே மொய்ராக்கள் ஜீயஸுக்கும் தெமிஸுக்கும் பிறந்த மகள்களாகக் காட்டப்படுகிறார்கள். முதலாவது இடம் பிற்சேர்க்கை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அது பிற்சேர்க்கையாகப் படவில்லை. ஜீயஸுக்கு முன்பே இருந்த ஒரு வல்லமை அவருடைய ஒழுங்குக்குள் மறுபடி பிறக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்; 904ஆம் அடியில் ஜீயஸ் அவர்களுக்கு மிகப்பெரிய மதிப்பை அளித்தார் என்று சேர்த்துச் சொல்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஜீயஸ் அவளுக்கு அஞ்சினார் என்பதற்கு இலியட் 14ஆம் பாடலில் நேரடியான சான்று உண்டு. ஜீயஸைத் தூங்கவைக்கும்படி அவர் மனைவி ஹீரா கேட்டுக்கொள்ளும்போது உறக்கக் கடவுளான ஹிப்னோஸ் மறுக்கிறான். முன்பு ஒருமுறை அப்படிச் செய்தபோது விழித்தெழுந்த ஜீயஸ் தன்னைக் கடலில் எறிந்திருப்பார் என்றும், தான் ஓடிப்போய் நிக்ஸிடம் அடைக்கலம் புகுந்ததால் தப்பியதாகவும் சொல்கிறான். விரைந்து வரும் இரவுக்கு மனக்குறை உண்டாக்க அஞ்சி, ஜீயஸ் அத்தனை சினத்தையும் அடக்கிக்கொண்டு திரும்பிவிட்டாராம். இடியை ஏந்தியவர், கதவைத் தட்டாமல் திரும்பிய வீடு அது.

அந்த வீட்டைத் தியோகனி அருகில் கொண்டுபோய்க் காட்டுகிறது. வானத்திலிருந்து விழும் வெண்கலப் பட்டறைக்கல் ஒன்பது பகலும் ஒன்பது இரவும் விழுந்து பத்தாம் நாள் பூமியை அடையும். பூமியிலிருந்து டார்டரஸை அடைய மறுபடியும் அவ்வளவே ஆகும். அந்த ஆழத்தில், கருமுகில் போர்த்து நிற்கிறது இரவின் இல்லம். அதன் வெண்கல வாசற்படியில் இரவும் பகலும் சந்தித்து ஒருவரையொருவர் விளித்துப் பேசிக் கடந்துபோகிறார்கள். ஒருத்தி உள்ளே இறங்கும்போது மற்றவள் வெளியேறுகிறாள். அந்த வீடு இருவரையும் ஒருசேர உள்ளே வைத்துக்கொள்வதில்லை. ஒருத்தி உலகெங்கும் சுற்றிவரும்போது மற்றவள் தன் முறை வரும்வரை காத்திருக்கிறாள். பகல் பலருக்கும் ஒளியை எடுத்துவருகிறாள்; இரவு, சாவின் உடன்பிறப்பான உறக்கத்தைக் கையில் ஏந்தி வருகிறாள். தாயும் மகளும் நாள்தோறும் வாசற்படியில் மட்டும் பார்த்துக்கொள்ளும் இந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வேறொரு மரபில் இரவுக்கு இன்னும் உயர்ந்த இடம் இருந்தது. 1962இல் தெசலோனிகி நகருக்கு அருகே டெர்வேனியில், ஓர் ஈமத்தீயின் எச்சங்களுக்கு நடுவே கருகிய பப்பைரஸ் சுருள் ஒன்று கிடைத்தது. பாதி எரிந்து கரியானதாலேயே கிரேக்கத்தின் ஈரமண்ணில் அது மக்காமல் தப்பியது. பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சுருளில் 26 பத்திகள் மிஞ்சியிருக்கின்றன. ஆர்ஃபியஸின் பெயரால் வழங்கிய பாடல் ஒன்றுக்கு எழுதப்பட்ட உரை அது. அந்தப் பாடலில் ஜீயஸ், தாம் எப்படி ஆளவேண்டும் என்பதை இரவின் அருள்வாக்கிலிருந்து கேட்டறிகிறார். அவளைக் கடவுளரின் வளர்ப்புத்தாய் என்கிறது பாடல். 2015இல் யுனெஸ்கோ இந்தச் சுருளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மாலைவெயில் எழுதியது:

படிக்கும்போது மெய்சிலிர்த்தது. அப்படியானால் கிரேக்கர்கள் இந்த ஆதித் தெய்வங்களுக்குக் கோயில் எழுப்பி வழிபட்டார்களா, அல்லது பாடல்களில் மட்டும்தான் அவர்கள் இருந்தார்களா?

கல்லும் சொல்லும் எழுதியது:

கேயாஸுக்கோ எரெபஸுக்கோ ஒலிம்பியருக்கு நடந்தது போன்ற ஊர்வழிபாடு நடந்ததாகக் காணக் கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குச் சிற்சில இடங்களில் உண்டு. பொ.ஆ. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றித் தாம் கண்டதை எழுதிவைத்த பாசேனியஸ் இதற்கு நம்பத்தகுந்த துணை. மெகாரா நகரின் கோட்டை மேட்டில் இரவின் அருள்வாக்குத் தலம் இருந்ததை அவர் குறிப்பிடுகிறார். ஒலிம்பியாவில் கையாவுக்குச் சாம்பலால் ஆன பலிபீடம் இருந்ததையும், முற்காலத்தில் அங்கே அவளுடைய அருள்வாக்கு வழங்கியதாகச் சொல்லப்பட்டதையும் எழுதுகிறார். டெல்ஃபியின் அருள்வாக்கே முதலில் கையாவுடையது என்று, பொ.ஆ.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகம் ஒன்றில் அந்தத் தலத்துப் பூசகி தன் வழிபாட்டுரையைத் தொடங்குகிறாள்: கையா, பிறகு அவள் மகள் தெமிஸ், பிறகு ஃபீபி, அவளிடமிருந்து பரிசாக அப்போலோ. அங்கே சண்டையின்றிக் கைமாறியது என்பது இந்த இழைக்குத் தொடர்புடைய செய்தி.

இவற்றைவிட என்னை ஈர்ப்பது தெஸ்பியை நகரம். அங்கே மக்கள் எல்லாக் கடவுளருக்கும் மேலாக எரோஸையே போற்றினார்கள். பிராக்சிட்டிலஸ் செதுக்கிய புகழ்பெற்ற எரோஸ் சிலை அந்த ஊரில்தான் இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் போனார்கள். ஆனால் அவ்வூரின் மிகப் பழைய எரோஸ், செதுக்கப்படாத வெறும் கல் என்கிறார் பாசேனியஸ். முகமும் சிறகும் இல்லை, வில்லும் இல்லை. ஹெசியட்டின் அஸ்க்ரா இந்தத் தெஸ்பியையின் எல்லைக்குட்பட்ட சிற்றூர். தியோகனியில் எரோஸ் யாருக்கும் பிள்ளையாக இல்லாமல் கேயாஸுக்கும் கையாவுக்கும் பக்கத்தில் வந்து நிற்பதற்கு, பக்கத்து ஊரில் பழங்காலம் தொட்டு நின்ற அந்தக் கல்லும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அஃப்ரோடைட்டியின் குறும்புப் பிள்ளையாக நாம் அறிந்த சிறகுள்ள சிறுவன் பின்னால் வந்தவன்.

டெல்ஃபியிலும் ஒரு கல் உண்டு. குழந்தை ஜீயஸுக்குப் பதிலாகத் துணியில் சுற்றிக் கொடுக்கப்பட்டு, குரோனஸ் விழுங்கிப் பின்னர்க் கக்கிய கல் அது என்று ஊரார் நம்பினார்கள். அது பெரிய கல் அல்ல என்று பாசேனியஸ் அளவைக்கூடச் சொல்கிறார். நாள்தோறும் அதற்கு எண்ணெய்க் காப்பு நடக்கும். திருவிழாக்களில் நூற்காத கம்பளி மயிரை அதன்மேல் சாத்துவார்கள்.

அலைவாய் எழுதியது:

நான் கேட்டதற்கு மேலாகவே கிடைத்துவிட்டது; அனைவருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். வானக்கடவுளின் குறியை அறுக்கும் கதை அனத்தோலியாவில் (இன்றைய துருக்கி) ஹிட்டைட் மக்களிடம் முன்பே இருந்தது என்று படித்தேன். அப்படியானால் இந்த ஆதித் தெய்வங்கள் கிரேக்கருக்கே உரியவர்கள் அல்லரா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

கதையின் எலும்புக்கூடு கீழ்த்திசையிலிருந்து வந்தது என்பதில் இன்று பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகள் ஹெசியட்டுக்கு ஐந்து நூற்றாண்டுகளாவது முந்தியவை. அவற்றில் அலாலு, அனு, குமார்பி என்று ஆட்சி கைமாறுகிறது. வானமான அனுவின் குறியைக் குமார்பி கடித்து விழுங்க, அவன் வயிற்றில் புயற்கடவுள் தெஷுப் கருவாகிறான். அதே கதைத்தொகுதியின் இன்னொரு பாடலில், முற்காலத்தில் விண்ணையும் மண்ணையும் அறுத்துப் பிரித்த ஒரு கருவியைப் பழைய பண்டகசாலையிலிருந்து வெளியே எடுக்கிறார்கள். கையாவின் அரிவாளுக்கு அது மூத்த உறவு என்பது கண்கூடு. ஹோமர் ஓரிடத்தில் கடவுளரின் தோற்றுவாய் ஓஷனஸ் என்றும் தாய் டீத்திஸ் என்றும் சொல்வதைப் பாபிலோனியரின் அப்சு, தியாமத் என்னும் நீரிணையோடு ஒப்பிடுவோரும் உண்டு.

இருந்தாலும் ஹெசியட்டின் தொடக்கத்தில் வாய்பிளந்து கிடக்கும் கேயாஸும், அதனருகில் நிற்கும் எரோஸும் அந்தக் குமார்பிப் பாடலில் இல்லை. அது ஓர் அரசவையில் தொடங்குகிறது. ஆண்டவன் ஒருவன், அவன்முன் பணிந்து கிண்ணம் ஏந்துபவன் ஒருவன். ஹெசியட் ஆள யாருமே இல்லாத இடத்திலிருந்து தொடங்குகிறார். நீங்கள் கேட்ட ‘ஜீயஸ் வென்றபின் அவர்கள் எங்கே’ என்ற கேள்வி எழுவதே அந்த வேறுபாட்டினால்தான்.

கரிசல் எழுதியது:

ஏட்டுச்சுவடி சொன்ன நிலத்தின் இயல்பு என்ற விளக்கத்தை ஹெசியட்டுக்கு ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கிரேக்கரும் அப்படிப் பார்க்கவில்லை என்பதற்காக ஒரு சிற்பத்தைச் சொல்லி நிறுத்துகிறேன்.

பொ.ஆ.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் நகரில் எழுப்பப்பட்டு இப்போது பெர்லினில் உள்ள பெரும் பலிபீடத்தில், கடவுளருக்கும் ஜைகன்ட்களுக்கும் நடந்த போர் நூறு மீட்டருக்கும் மேலான நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. வடபக்கத்தில், பாம்பு சுற்றிய கலயத்தை ஓங்கி எறியும் பெண்ணைப் பலர் நிக்ஸ் என்று அடையாளம் காண்கிறார்கள். அது சரியென்றால் இரவு ஜீயஸின் பக்கம் நின்று போரிடுகிறாள். கிழக்குப் பக்கத்தில் அதீனா, சிறகுள்ள ஒரு ஜைகன்ட்டின் தலைமயிரைப் பற்றி இழுக்கிறாள். அவனை அல்கியோனியஸ் என்பார்கள். பிறந்த மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அவனுக்குச் சாவில்லை என்பது கதை. அந்த மண்ணுக்குள்ளிருந்து, விரிந்த கூந்தலோடு, உடலின் மேற்பாதி மட்டும் வெளியே தெரிய ஒருத்தி எழுந்து அதீனாவை நோக்கிக் கெஞ்சுகிறாள். அவளருகே கல்லில் இரண்டே எழுத்துகளில் பெயர் வெட்டியிருக்கிறது: கே, அதாவது நிலம். அதீனா அவள் பக்கம் திரும்பவில்லை. வெற்றித் தெய்வமான நைக்கி, கெஞ்சுபவளின் தலைக்கு மேலாகப் பறந்து வந்து அதீனாவுக்கு முடிசூட்டுகிறாள்.